மரக்கன்றுக்கு முன்னால் வயலில் ஒரு குழாய்: டெல்டா மாணவர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

காவிரி டெல்டாக் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கும், ஊரைத் தத்தெடுத்து வேலை செய்யும் மாணவர் குழுக்களின் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

"ஓர் ஊராட்சியின் பசுங்குடில் வாயு வெளியீட்டைக் குறைத்தல்" என்பது இப்போது பல கல்லூரிகளில் குழுத் திட்டத்துக்குக் கொடுக்கும் தலைப்பு. நல்ல தலைப்புதான். ஆனால் வருகிற அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே அச்சு. முதல் பக்கத்தில் உருகும் பனிப்பாறை, கடைசிப் பக்கத்தில் ஒரு மரக்கன்றைப் பன்னிரண்டு பேர் பிடித்திருக்கும் புகைப்படம். நடுவில் அந்த ஊர் ஆண்டுக்கு எத்தனை டன் வெளியிடுகிறது, அதில் எது முதல் இடம், எது பத்தாவது இடம் என்ற கணக்கு மட்டும் இருக்காது. வேளாண் பொறியியலும் மின்சாரத் தணிக்கையும் தொழிலாகக் கொண்ட நாங்கள் சொல்ல வருவது இதுதான்: டெல்டா ஊரில் பெரிய வெளியீடு நெல் வயலில் தேங்கி நிற்கிற தண்ணீரிலிருந்து வருகிறது. பேனரில் அதற்கு இடமே இருப்பதில்லை.

கணக்கிலிருந்து தொடங்குங்கள். ஏழு நாள் சிறப்பு முகாமில் முதல் இரண்டு நாள் இதற்கே போகட்டும்.

முதல் தடுக்கல் எல்லை. ஊராட்சியின் எல்லையும் வருவாய் கிராமத்தின் எல்லையும் எல்லா ஊரிலும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரே வருவாய் கிராமம் இரண்டு ஊராட்சிகளுக்குள் பிரிந்து கிடக்கும். ஓர் ஊராட்சிக்குள் மூன்று வருவாய் கிராமம் இருக்கும். மக்கள் தொகையை ஊராட்சி அலுவலகத்திலும் நெல் பரப்பைக் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் என்ற சாகுபடிப் பதிவேட்டிலும் எடுத்துக்கொண்டு இரண்டையும் அப்படியே ஒட்டினால் கணக்கு அங்கேயே கோணிவிடும். எந்தச் சர்வே எண்கள் உங்கள் எல்லைக்குள் வருகின்றன என்று ஊராட்சிச் செயலரையும் கிராம நிர்வாக அலுவலரையும் ஒன்றாக உட்கார வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடங்கல் பசலி ஆண்டுப்படி, அதாவது ஜூலை முதல் ஜூன் வரை ஓடும். மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும். இரண்டையும் ஒரே 12 மாதத்துக்குள் கொண்டுவந்த பிறகுதான் கூட்ட வேண்டும்.

இன்னொன்று அளவை. பெரியவர்கள் நிலத்தை மாவிலும் வேலியிலும் சொல்வார்கள். மூன்று மா ஓர் ஏக்கர். இருபது மா ஒரு வேலி, அதாவது ஏறக்குறைய 6.67 ஏக்கர். "பத்து மா" என்று அவர் சொன்னதைப் பத்து ஏக்கர் என்று எழுதினால், அந்த ஒரு குடும்பத்திலேயே கணக்கு மூன்று மடங்காகிவிடும்.

மற்ற விவரங்கள் கிடைக்கும் இடங்கள் உங்களுக்கே தெரியும். மாட்டு எண்ணிக்கைக்குக் கால்நடை மருந்தகம், யூரியாவுக்குத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், தெருவிளக்குக்கும் மோட்டாருக்கும் ஊராட்சியின் மின் கட்டண ரசீது. வீட்டு மின்சாரத்துக்கும் சிலிண்டருக்கும் மட்டும் வீடு வீடாகப் போங்கள். எல்லா வீடும் வேண்டாம். தெருவுக்குப் பத்து வீடு வீதம் எல்லாத் தெருவிலும் எடுங்கள். மெயின் ரோட்டு மாடி வீடுகளிலேயே நின்றுவிடாதீர்கள்.

பெருக்க வேண்டிய எண்கள் இவை. மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு இந்திய மின்கட்டமைப்பின் சராசரி சுமார் 0.72 கிலோ கரியமில வாயு. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு 42 கிலோ. பெட்ரோல் லிட்டருக்கு 2.3, டீசல் லிட்டருக்கு 2.7. யூரியா 45 கிலோ மூட்டை ஒன்றைப் போட்டால், அது மண்ணில் கரைவதிலேயே 33 கிலோ. கலப்பினக் கறவை மாடு ஆண்டுக்கு 43 கிலோ மீத்தேன், நாட்டுக் கறவை மாடு 28 கிலோ. நெல்லுக்கு ஐ.பி.சி.சி. என்ற ஐ.நா. காலநிலை அறிவியல் குழுவின் 2019-ஆம் ஆண்டு திருத்திய வழிகாட்டி தெற்காசியாவுக்கென்று கொடுத்திருப்பது, தண்ணீர் கட்டியே வைத்திருந்தால் எக்டேருக்கு ஒரு நாளைக்கு 0.85 கிலோ மீத்தேன். மீத்தேனைக் கரியமில வாயுவுக்கு இணையாக்க 28-ஆல் பெருக்குங்கள், யூரியாவிலிருந்து வரும் நைட்ரஸ் ஆக்சைடை 265-ஆல். இரண்டும் ஐ.பி.சி.சி.யின் ஐந்தாம் அறிக்கை எண்கள். ஒன்றை ஐந்தாம் அறிக்கையிலும் மற்றதை ஆறாம் அறிக்கையிலும் எடுத்துக் கலக்க வேண்டாம்.

கணக்குக்காக ஓர் ஊரை வைத்துக்கொள்வோம். 3,000 பேர், 800 வீடு. சம்பா 600 ஏக்கர், குறுவை 250 ஏக்கர். கலப்பினக் கறவை மாடு 300. தெருவிளக்கு 20 வாட் எல்.இ.டி. 250. பாசனம் ஆற்றுத் தண்ணீர். போர் மோட்டார்களை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

சி.ஆர். 1009 போன்ற நீண்ட கால ரகம் நாற்றங்கால் போக வயலில் நிற்பது ஏறக்குறைய 125 நாள். எக்டேருக்கு 106 கிலோ மீத்தேன். 600 ஏக்கர் என்பது 243 எக்டேர். ஆக சம்பாவில் மட்டும் கரியமில வாயுக் கணக்கில் 720 டன். குறுவையில் ஏ.டி.டி. 43 போன்ற குறுகிய ரகம் வயலில் 85 நாள். 250 ஏக்கருக்கு 204 டன். மாடுகள் 361 டன். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் என்று வைத்தால் வீட்டு மின்சாரம் 518 டன். வீட்டுக்கு ஆண்டுக்கு 7 சிலிண்டர் என்றால் 235 டன். 600 இருசக்கர வண்டி, வண்டிக்கு ஆண்டுக்கு 100 லிட்டர் என்றால் 138 டன். ஆளுக்கு 55 லிட்டர் வீதம் குடிநீர் ஏற்றும் மோட்டார் 18 டன். 250 தெருவிளக்கும் இரவு முழுக்க எரிந்தால் 15 டன்.

கூட்டினால் ஏறக்குறைய 2,200 டன். அதில் நெல் மட்டும் ஐந்தில் இரண்டு பங்கு. ஆறு மாதத்துக்கு மேல் காய்ந்து கிடந்து ஒரு போகம் மட்டும் போடும் நிலமானால் 0.89-ஆல் பெருக்கிச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். அப்போதும் வரிசை மாறாது. எல்லாரும் முதலில் கை வைக்கிற தெருவிளக்கு கடைசியில் நிற்கிறது.

ஜம்முவில் பள்ளி என்ற ஊராட்சியில் 2022-இல் 500 கிலோவாட் சூரிய மின் நிலையம் அமைத்ததையும், வயநாட்டின் மீனங்காடி 2016-இல் கார்பன் சமநிலை ஊராட்சித் திட்டம் தொடங்கி மரம் வளர்ப்போருக்கு அந்த மரத்தை ஈடாக வைத்துக் கடன் கொடுத்ததையும், கோவை மாவட்ட ஓடந்துறை ஊராட்சி 350 கிலோவாட் காற்றாலை சொந்தமாக நிறுவியதையும் உங்கள் அறிக்கைகளில் முன்மாதிரியாகக் காட்டுகிறீர்கள். மூன்றும் பாராட்ட வேண்டியவை. ஆனால் அவை மின்சாரமும் மரமும் முன்னால் நிற்கிற ஊர்களின் வழி. வருடத்தில் ஆறேழு மாதம் தண்ணீர் கட்டுகிற ஊருக்கு அதை அப்படியே எடுத்து ஒட்ட முடியாது.

இனி வயலுக்கு வருவோம். தண்ணீர் நிற்கும் மண்ணில் காற்று போகாது. காற்றில்லாத மண்ணில் நுண்ணுயிர்கள் வைக்கோல், வேர், தழை எல்லாவற்றையும் மீத்தேனாக மாற்றுகின்றன. நெற்பயிரின் தண்டே அதற்குப் புகைபோக்கி. இடையிடையே மண்ணுக்குக் காற்று காட்டினால் இந்த உற்பத்தி படுத்துவிடும். நம் விவசாயிக்கு இது புதிய பாடமும் இல்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவது என்று ஊரிலேயே பெயர் இருக்கிறது. ஐ.பி.சி.சி. கணக்கில் ஒரு முறை காய விட்டால் பெருக்கெண் 0.71. பல முறை காய விட்டால் 0.55, அதாவது 45 சதவீதம் குறைவு.

எப்போது காய்ந்தது என்று கண்ணால் முடிவு செய்தால் இரண்டு பக்கமும் தப்பாகும். அதற்குத்தான் வயல் நீர்க்குழாய். 6 அங்குல பி.வி.சி. குழாயை 30 செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள்; 6 மீட்டர் குழாயில் 20 துண்டு கிடைக்கும். ஒவ்வொரு துண்டிலும் கீழ்ப்பாதி 15 செ.மீ. முழுக்கச் சுற்றிலும் 2 செ.மீ.க்கு ஒன்றாக 5 மி.மீ. துளை போடுங்கள். அந்தப் பாதியை மண்ணுக்குள் இறக்கி, உள்ளே இருக்கும் சேற்றைக் கையால் அடிவரை அள்ளிப் போட்டுவிடுங்கள். வரப்பிலிருந்து கை எட்டும் தூரத்தில், ஆனால் வரப்போரக் குழியிலோ மேட்டிலோ இல்லாமல் சம தரையில் வைக்க வேண்டும். வைத்த மறுநாள் தண்ணீர் கட்டியிருக்கும்போது உள்மட்டமும் வெளிமட்டமும் ஒன்றா என்று பாருங்கள். வேறுபட்டால் களிமண் துளையை அடைத்துவிட்டது. பிடுங்கிக் கழுவி மறுபடி நடுங்கள். டெல்டாக் களியில் முதல் வாரத்தில் இது நடந்தே தீரும்.

நடவு முடிந்து முதல் 15, 20 நாள் எதுவும் செய்ய வேண்டாம், தண்ணீர் நிற்கட்டும். அப்போது காயவிட்டால் களை முந்திவிடும், பிறகு களை எடுக்கும் கூலியை விவசாயி உங்கள் பேரில்தான் எழுதுவார். அதன்பின் 5 செ.மீ. உயரம் தண்ணீர் கட்டி நிறுத்திவிடுங்கள். குழாய்க்குள் மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கும்போது, அதாவது குழாயின் அடி தட்டும்போது, மறுபடி 5 செ.மீ. கட்டுங்கள். இந்தச் சுற்று மண்ணைப் பொறுத்து மாறும். பூ எடுப்பதற்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் காய்ச்சலே கூடாது. அந்த நேரத்தில் காய்ந்தால் பதர் விழும். வயலில் தண்ணீர் நிற்காமல் மூன்று நாளாவது இருந்ததை மட்டும் ஒரு காய்ச்சலாக எண்ணுங்கள்.

15 செ.மீ.க்குக் கீழே போகவிடுவதும் தப்பு. நம் களிமண் அதிகம் காய்ந்தால் மயிரிழை வெடிப்பு விரல் நுழையும் வெடிப்பாகிவிடும். பிறகு விடுகிற தண்ணீர் அதன் வழியே கீழே ஓடி, மிச்சம் பிடித்ததற்கு மேல் செலவாகும். நண்டு வளையும் எலி வளையும் உள்ள வரப்பிலும் இதே கதைதான். குழாயில் மட்டம் இறங்குவது பயிர் குடித்ததால் இல்லை, பக்கத்து வயலுக்குப் போனதால். முதலில் வரப்பை அணையுங்கள். வேதாரண்யம் பக்கத்து உப்பு மண்ணில் இதைத் தொடவே வேண்டாம். காயக் காய உப்பு மேலே ஏறும்.

இவையெல்லாம் தீர்க்கக்கூடிய கோளாறுகள். தீர்க்கக் கடினமானது தண்ணீர் முறை. மேட்டூர் ஜூன் 12-இல் திறப்பது வழக்கம் என்றாலும், அணை இருப்பைப் பொறுத்து முறைப் பாசனம் வைப்பார்கள். இந்த முறை மடைக்கு வந்த தண்ணீர் அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாதவரிடம் போய் "வயலைக் காய விடுங்கள்" என்றால் அவர் கேட்கமாட்டார். கேட்கவும் கூடாது. கடைமடையில் இருப்பவருக்கு வயலில் நிற்கிற தண்ணீர்தான் கையிருப்பு. எனவே முதல் பருவத்தில் குறுவையை எடுங்கள். போர் துணை இருக்கிற, ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்துக் கிடக்கிற 20 ஏக்கரைத் தேர்ந்தெடுங்கள். ஊர் முழுக்க ஆங்காங்கே இருபது பேரைப் பிடித்தால் பயன் இல்லை. நம் பக்கம் வயலுக்கு வயல் பாய்கிற பாசனம்; மேல் வயல்காரர் கட்டினால் கீழ் வயல் காயாது.

சம்பாவில் எவ்வளவு முடியும் என்பதில் எங்களுக்கு அதிக நம்பிக்கை இல்லை. ஐப்பசி கார்த்திகையில் வானம் கொட்டும்போது குழாய் எதற்கு? நடவுக்குப் பின் மழைக்கு முன் ஒரு காய்ச்சல் கிடைத்தால் லாபம். அதற்கு மேல் வேண்டுமானால் வடிகால் வேலை செய்ய வேண்டும். ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக் கிடக்கும் வடிகால் வாய்க்காலைத் தூர்வாருவது பயிர் மூழ்காமல் காப்பதற்கு என்றே எல்லாரும் நினைக்கிறோம். மண்ணுக்குக் காற்று போவதும் அதனால்தான். எந்த வடிகால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று சங்கிலி போட்டு அளந்து ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தீர்களானால், அது நூறு பேரணிக்கு மேல்.

விவசாயியிடம் என்ன சொல்வது? மீத்தேன் என்று தொடங்காதீர்கள். தண்ணீர் மிச்சம் என்றும் தொடங்காதீர்கள். பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம், மிச்சமாகும் தண்ணீர் அவர் பையில் காசாக விழாது. காய்ச்சல் கொடுத்த வயலில் புகையான் கட்டுக்குள் இருக்கும், பயிர் சாயாமல் நிற்கும், அறுவடை இயந்திரம் இறங்கத் தரை கெட்டியாக இருக்கும் என்று சொல்லுங்கள். மூன்றும் உண்மை, மூன்றும் அவருக்குப் பணம். வெளியீட்டைக் குறைத்ததற்குக் கார்பன் கிரெடிட் காசு வரும் என்று மட்டும் வாய் விடாதீர்கள். இருபது ஏக்கருக்குச் சரிபார்ப்புச் செலவே வருமானத்தை விழுங்கிவிடும்.

அறிக்கையில் நேர்மையாக எழுத வேண்டியது இன்னொன்று. வயல் காய்ந்து நனையும்போது யூரியாவிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு கூடுகிறது. ஏக்கருக்கு மூன்று மூட்டை யூரியா என்று வைத்தால், தண்ணீர் கட்டியே இருக்கும் வயலைவிட ஏக்கருக்குக் கரியமில வாயுக் கணக்கில் சுமார் 50 கிலோ அதிகம். குறுவையில் காய்ச்சலும் பாய்ச்சலும் மிச்சம் பிடிக்கும் மீத்தேன் அதே கணக்கில் ஏக்கருக்கு 370 கிலோ. நிகரம் 320. யூரியாவை ஈர மண்ணில் தூவி உடனே தண்ணீர் கட்டுவது, பயிரின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையைப் பார்த்துப் போடுவது இரண்டையும் சேர்த்தால் அந்த 50 இன்னும் இறங்கும்.

பசுந்தாள் உரமாகும் தக்கைப்பூண்டு பற்றியும் ஒரு வார்த்தை. இயற்கை உரம் என்றாலே வாயு குறையும் என்று பலகையில் எழுதிவிடாதீர்கள். எக்டேருக்கு 5 டன் பசுந்தழையை மடக்கி உழுது உடனே தண்ணீர் கட்டினால் ஐ.பி.சி.சி. சூத்திரத்தில் அந்த வயலின் மீத்தேன் இரண்டு மடங்காகிறது. வைக்கோலையும் நடவுக்கு 30 நாளுக்கு முன்பே மடக்கினால் பெருக்கெண் 0.19, அதற்குள் மடக்கினால் 1. இதற்காகப் பசுந்தாள் உரத்தை விடச் சொல்ல வேண்டாம், மண்ணுக்கு அது வேண்டும். பசுந்தாள் போட்ட வயலில்தான் காய்ச்சல் கொடுப்பதால் கிடைக்கும் லாபமும் அதிகம். குழாயை முதலில் அங்கே நடுங்கள்.

அளவீடு என்றதும் மின்னணுவியல் துறைத் தம்பிகள் ஆர்டுயினோ மின்னணுப் பலகையையும் எம்.க்யூ-4 என்ற வாயு சென்சாரையும் எடுத்துக்கொண்டு வருவார்கள். வயலோரக் காற்றில் மீத்தேன் சுமார் 2 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. அந்தச் சென்சார் உணரத் தொடங்குவதே சில நூறு பி.பி.எம்.மில். அது காட்டுகிற எண் ஈரப்பதத்தின் எண், வாயுவின் எண் இல்லை. உண்மையாக அளக்க மூடிய பெட்டி, ஊசிக்குழாய் மாதிரிகள், ஆய்வகத்தில் வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராப் வேண்டும். அது இல்லாத குழு நாளுக்கு ஒரு முறை ஸ்கேலைக் குழாய்க்குள் விட்டு நீர்மட்டத்தை நோட்டில் எழுதட்டும். தேதி, மட்டம், மழை, மடை திறந்ததா, கையெழுத்து. 85 நாளுக்கு இடைவெளி இல்லாத அந்த நோட்டு எந்தச் சென்சாரையும்விட நம்பத் தகுந்தது. எழுதுவதற்கு வயல்காரர் வீட்டுப் பள்ளிப் பிள்ளையைப் பிடியுங்கள். நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள்.

குடிநீர் மோட்டார் பட்டியலில் சிறியதுதான். ஆனால் ஊராட்சியின் சொந்தக் காசு, சொந்தச் சாவி என்பதால் விட வேண்டாம். ஒரு காலை வேலை. மீட்டர் முகத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். சிவப்புப் பொட்டு விளக்கு அந்த வீதத்தில் கண் சிமிட்டும். 800 என்று இருந்து, 40 சிமிட்டலுக்கு 36 நொடி ஆனால் மோட்டார் இழுப்பது 5 கிலோவாட். இன்னொருவர் மேல்நிலைத் தொட்டியைப் பார்க்க வேண்டும். ஏணியில் மாணவர் ஏற வேண்டாம், தொட்டி ஆபரேட்டர் ஏறட்டும். வெளியேறும் வால்வை மூடி, மோட்டார் ஓடாமல் பத்து நிமிடம் மட்டம் இறங்குகிறதா என்று முதலில் பாருங்கள். இறங்கினால் வால்வு கசிகிறது. அந்த அளவைக் கூட்டிக்கொள்ளாவிட்டால் முடிவு பொய்யாகும். பிறகு மோட்டாரைப் போடுங்கள். உள்விட்டம் 4 மீட்டர் தொட்டியில் பத்து நிமிடத்தில் 16 செ.மீ. ஏறினால் மணிக்கு 12 கிலோ லிட்டர். ஒரு கிலோ லிட்டருக்கு 0.42 யூனிட். மொத்தம் 50 மீட்டர் உயரம் ஏற்ற இயற்பியல் கேட்பது 0.136 யூனிட்தான். மூன்று மடங்கு போகிறது. நல்ல சப்மெர்சிபிள் இரண்டேகால் மடங்கில் முடிக்கும்.

மூன்று மடங்குக்கு மேல் போனால் உடனே புது மோட்டார் என்று எழுத வேண்டாம். போருக்குள் இறங்கும் குழாய் இணைப்பில் ஓட்டை விழுந்து, ஏற்றிய தண்ணீர் போருக்குள்ளேயே கொட்டும், தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் சக்கரத்தை மணல் தின்றிருக்கும், மின்னழுத்தம் குறைந்திருக்கும். இந்த வரிசையில் பாருங்கள். அதற்கும் முன்னால், தொட்டி வழிகிற நேரத்தை ஒரு வாரம் குறித்துவையுங்கள். மிதவை சுவிட்ச் ஒன்று போட்டால் வழிவது நிற்கும். தெருவிளக்கில் பார்க்க வேண்டியது விளக்கின் வாட் இல்லை, பகல் பத்து மணிக்கும் எரிகிற வரிசை எது என்பது. நேரச் சுவிட்ச் கெட்டு நேர் இணைப்பு கொடுத்திருப்பார்கள்.

வீட்டு மின்சாரத்தில் எங்கள் பரிந்துரை ஒன்றே ஒன்று: மின்விசிறி. பழைய சீலிங் ஃபேன் 75 வாட், மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனில் ஆண்டுக்கு மிச்சம் 164 யூனிட், 118 கிலோ கரியமில வாயு. 800 வீட்டிலும் வீட்டுக்கு இரண்டு மாறினால் 189 டன். காகிதத்தில் இது பெரிய குறைப்பு. நடைமுறையில் சிக்கல் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்குள் இருக்கும் வீட்டுக்கு ஃபேன் மாற்றினால் ஒரு ரூபாயும் மிச்சமாகாது. ஆகவே வீடு வீடாகப் பிரசங்கம் வேண்டாம். 200 யூனிட்டைத் தாண்டும் வீடுகளைப் பட்டியல் எடுங்கள், பழைய ஃபேன் கெடும்போது மாற்றச் சொல்லுங்கள், பள்ளியிலும் அங்கன்வாடியிலும் ஊராட்சிக் காசில் இப்போதே மாற்றச் சொல்லுங்கள். 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியம் உண்டு. காங்கிரீட் மாடி இருந்து, கட்டணம் கட்டுகிற வீட்டுக்குப் பொருந்தும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்த மண் இது. தாங்கு சட்டத்தின் போல்ட்டைப் பார்க்காமல் கையெழுத்துப் போட விடாதீர்கள்.

சாண எரிவாயு பற்றி எச்சரிக்கை. நான்கைந்து மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு 2 கனமீட்டர் தீனபந்து வகை (குவிமாடக்) கலன்: நாளுக்கு 50 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர். பதினாறு பதினேழு நாளுக்கு ஒரு சிலிண்டர் மிச்சம். ஆனால் அந்தக் கலனில் நாளுக்கு 0.8 கிலோ மீத்தேன் உண்டாகிறது. வெட்டவெளிக் குப்பை மேட்டில் காய்ந்திருந்தால் அதில் சிறு பங்கே வந்திருக்கும். எட்டில் ஒரு பங்கு கசிந்தாலே சிலிண்டரில் பிடித்த லாபம் முழுதும் போச்சு; அதற்கு மேல் கசிந்தால் கலன் கட்டாமலே இருந்திருக்கலாம். சோப்பு நீரைத் தூரிகையால் இணைப்பிலும் குவிமாட விரிசலிலும் தடவிக் குமிழி வருகிறதா என்று மாதம் ஒரு முறை பார்க்க ஆள் இல்லாவிட்டால் கலனைப் பரிந்துரைக்க வேண்டாம். அடுப்பு தத்தித் தத்தி எரிந்தால் பதற வேண்டாம், குழாயின் தாழ்வான இடத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. அங்கே வடிகுழாய் ஒன்று வையுங்கள்.

குப்பையை எரிப்பதை நிறுத்துவது நல்லது, முதலில் நுரையீரலுக்கு. தூய்மைக் காவலர்களுக்கு இரண்டு வாளியும் உரக் கொட்டகையின் சாவியும் கிடைக்க வைப்பதே அதில் பாதி வேலை. மரம் நடுங்கள், நிழலுக்கும் பழத்துக்கும். வளர்ந்த மரம் ஒன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் 20 கிலோ என்று பொதுவாகக் கொள்கிறார்கள். 1,000 கன்றில் 600 பிழைத்தால், பல ஆண்டு கழித்து 12 டன். மாதிரி ஊரின் குறுவையில் பாதி, 125 ஏக்கரில் காய்ச்சலும் பாய்ச்சலும் வந்தால் அதே ஆண்டில் 40 டன். குடிநீர் மோட்டாரையும் தெருவிளக்குகளையும் அடியோடு நிறுத்தினாலும் 33 டன்தான் வரும்.

கடைசியாக, அறிக்கை யாருக்கு? துறைத் தலைவரின் அலமாரிக்கு ஒரு பிரதி போகட்டும். ஊருக்கு இரண்டு பக்கம் போதும்: முதல் பக்கத்தில் வெளியீட்டு வரிசை, இரண்டாம் பக்கத்தில் யார், எப்போது, எவ்வளவு செலவில் என்ன செய்வது. தலைவரோ தனி அலுவலரோ, பொறுப்பில் இருப்பவரிடம் முன்கூட்டியே கொடுத்துக் கிராம சபைப் பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு சபை இருக்கிறது. "வெளியீட்டைக் குறைக்கப் பாடுபடுவோம்" என்ற தீர்மானத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள். "இன்ன வாய்க்காலில் இத்தனை ஏக்கர், இன்ன வடிகாலில் இத்தனை மீட்டர், தொட்டிக்கு ஒரு மிதவை சுவிட்ச்" என்று பதிவேட்டில் ஏறட்டும்.

குறுவைக்கென்றால் மே 1 சபைதான் சரியான நாள். ஏப்ரலில் கணக்கை முடியுங்கள். மே இரண்டாம் வாரத்தில் குழாயை வெட்டித் துளை போட்டுவிடுங்கள், ஐ.டி.ஐ. பட்டறையில் அரை நாள் வேலை. தேர்வு விடுமுறை குறுக்கே வரும் என்பதால் உள்ளூர் மாணவர் நால்வரை இப்போதே பெயர் குறித்து வையுங்கள். நாற்று பறிக்கிற அன்று வயலில் அவர்கள் நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
டெல்டாவில் நீர்ப்பாசனமும் மின்சாரத் தணிக்கையும் பார்க்கும் சிலர்